கோட்டை இடிந்தது... டுவிட்டர் இடியவில்லை!



இன்றைய பாடத்தை ஒரு மந்திரச் சொல்லில் இருந்து தொடங்குகிறேன்.

ஜப்பானில் 1986ல், வானத்தில் மிதக்கும் லபுடா கோட்டையைப் பற்றிய கார்ட்டூன் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. இயக்கியவர், ஹயாவோ மியாசாகி. ஷீட்டா என்ற சிறுமியும், பாசு என்ற சிறுவனும் அந்தக் கோட்டையில் ஒரு கெட்டவனிடம் சிக்கிக் கொள்கின்றனர். கடைசியில் இருவரும் கை கோர்த்து, ஒரே குரலில், 'பருஸ்!' என்பர். அவ்வளவு தான்... கோட்டை பொலபொலவென இடிந்து விழும்.

இந்தப் படத்தை ஜப்பான் டெலிவிஷனில் அவ்வப்போது ஒளிபரப்புவது வழக்கம். அப்போது ரசிகர்களுக்கு ஒரு விளையாட்டு... ஷீட்டாவும் பாசுவும் மந்திரம் சொல்லும் அதே நொடியில், தாங்களும் டுவிட்டரில் அந்தச் சொல்லை எழுதி அனுப்ப வேண்டும்!

ஆகஸ்ட் 2013ல் படம் மீண்டும் ஒளிபரப்பானது. அந்த நொடி வந்தது. ஒரே ஒரு நொடியில், 1,43,199 செய்திகள் டுவிட்டரில் வந்து விழுந்தன. அந்தச் சமயத்தில் சாதாரண நாளில் நொடிக்குச் சராசரியாக 5,700 செய்திகள் தான் வரும். வகுத்துப் பாருங்கள்... சுமார் 25 மடங்கு!

படத்தில் கோட்டை இடிந்தது. டுவிட்டர் இடியவில்லை, ஒரு சின்னத் தடுமாற்றம் கூட இல்லை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மூன்று ஆண்டுகளுக்கு முன், இதில் சிறு பங்கு கூட்டத்தையே தாங்க முடியாமல் திணறிய டுவிட்டர் தான் இது. எப்படித் தாங்கியது என்று பார்ப்போமா?

திமிங்கிலம் வந்த காலம்

டுவிட்டர் 2006ல், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் துவங்கியது. ஆரம்பத்தில் ஒரு செய்தியில், 140 எழுத்துகளுக்கு மேல் எழுத முடியாது. உங்களுக்குப் பிடித்தவர்களை நீங்கள் 'பின்தொடரலாம்'. அவர்கள் எழுதுவதெல்லாம் உங்கள் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து கொண்டே இருக்கும். இந்த வரிசைக்கு, 'ஃபீட்' என்று பெயர். 'டைம்லைன்' என்றும் சொல்வர். இன்று, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் உங்கள் அக்கா, அண்ணன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கின்றனரே... அது தான். டுவிட்டரின் பெயர், 2023ல், 'எக்ஸ்' என்று மாறி விட்டது. நடந்த கதையைச் சொல்வதால், பழைய பெயரையே சொல்கிறேன்.

கூட்டம் அதிகமானால், அந்நாளில் டுவிட்டர் படுத்து விடும். அப்போது திரையில் ஒரு படம் வரும்... பெரிய திமிங்கிலம் ஒன்றை, சின்னச் சின்னப் பறவைகள் வலை கட்டித் தூக்கிச் செல்லும் படம். வரைந்தவர், யீயிங் லூ என்ற பெண் ஓவியர். அழகான படம் தான். ஆனால், அது வந்தால், 'இப்போது வேலை செய்யாது. பிறகு வா' என்று அர்த்தம்!

தென் ஆப்பிரிக்காவில், 2010ல், உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. ஒவ்வொரு கோலுக்கும், ஒவ்வொரு மஞ்சள் அட்டைக்கும், உலகம் முழுக்க ரசிகர்கள் ஒரே நேரத்தில் எழுதினர். டுவிட்டர் பல முறை திணறி நின்றது.

விளையாட்டுச் செய்தி நின்றால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். ஜப்பானில், மார்ச் 2011ல் பெரும் நிலநடுக்கம் வந்த போது, தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் திணறின. 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல, ஏராளமானோர் டுவிட்டரைத் தான் நம்பினர். நம் சென்னையில், டிசம்பர் 2015ல் வெள்ளம் வந்ததே... எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே உணவு கிடைக்கும் என்ற விவரங்கள் இப்படித் தான் பரவின. கூட்டம் மிக அதிகமாக வரும் நேரமும், செய்தி மிக அவசியமாக வேண்டிய நேரமும், ஒரே நேரமாக இருந்து விடுகிறது!

கடைசி வகுப்பு

இதைப் படிக்கும் போது, எனக்கு ஒரு மழை நாள் நினைவுக்கு வரும்.

அது, 1992 நவம்பர். நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். மொத்தம், 14 வகுப்புகள். என் வகுப்பு, மைதானத்தைத் தாண்டி, ஓட்டுக் கட்டடத்தில் கடைசி.

மதியம், மழை வலுத்தது. தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை எழுதினார்... 'பள்ளி உடனே விடப்படுகிறது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது. அக்கரைப் பிள்ளைகள் மேட்டுச் சாலை வழியாகப் போக வேண்டும்' என்று. மணி மட்டும் அடித்தால், பிள்ளைகள் பழக்கமான வழியில் ஓடி விடுவர் அல்லவா... அதனால் சுற்றறிக்கை.

இருந்ததோ ஒரே நோட்டு. பியூன் அதை ஒவ்வொரு வகுப்பாக எடுத்துச் சென்றார். டீச்சர் படித்து, பிள்ளைகளுக்குச் சொல்லி, கையெழுத்துப் போட, வகுப்புக்கு ஐந்து நிமிடம். என் வகுப்புக்கு முன், 13 வகுப்புகள். கணக்குப் போட்டீர்களா? 65 நிமிடம்!

நோட்டு எங்களிடம் வந்த போது, மேட்டுச் சாலையிலும் முழங்கால் தண்ணீர். அப்பாக்களும் மாமாக்களும் வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கிச் சென்றனர். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், ஒரு சிறுமி போகும் போது கேட்டாள்...

''டீச்சர், மத்த கிளாஸ்லாம் எப்பவோ போயிட்டாங்களே... எங்களுக்கு மட்டும் ஏன் லேட்டு?''

பியூன் மீது தவறில்லை. தலைமையாசிரியர் மீதும் இல்லை. செய்தி போகும் வழியை அமைத்ததில் தான் தவறு. மறு வாரமே பேசி, ஒரு ஏற்பாடு செய்தோம். கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி. நான்கு பேர் நான்கு பக்கம் கிளம்ப வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் நான்கு வகுப்பு. கடைசி வகுப்புக்கும், 15 நிமிடத்தில் செய்தி வந்து விடும்.

டுவிட்டர் பொறியாளர்கள் முன் நின்ற கேள்வியும், அந்தச் சிறுமி கேட்டது தான். அவர்களுக்கு வகுப்புகள் 14 அல்ல, கோடிக்கணக்கில்!

தேடி எடுப்பதா... முன்பே போட்டு வைப்பதா?

நீங்கள், 200 பேரைப் பின்தொடர்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஃபீடைத் தயாரிக்க, இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: நீங்கள் திறக்கும் போது, கம்ப்யூட்டர் ஓடிப் போய், 200 பேரின் அலமாரியிலும் தேடி, புதிதாக எழுதியவற்றை எடுத்து, நேரப்படி அடுக்கித் தரும்.

இரண்டாம் வழி: உங்களுக்கென ஒரு பெட்டி இருக்கும். அந்த, 200 பேரில் யார் எழுதினாலும், எழுதிய உடனே உங்கள் பெட்டியில் ஒரு பிரதி போடப்படும். நீங்கள் திறக்கும் போது, தேட வேண்டியதே இல்லை. பெட்டி தயார்!

எது நல்லது? 'காத்திருப்பது யார்?' என்று கேட்டால் விடை கிடைத்து விடும்.

டுவிட்டரில், 2012 - 13ல், நொடிக்குச் சுமார் ஆறாயிரம் பேர் எழுதினர் என்றால், நொடிக்குச் சுமார், மூன்று லட்சம் முறை ஃபீடுகள் திறக்கப்பட்டன. எழுதுவது ஒரு பங்கு. படிப்பது, 50 பங்கு! திறக்கும் ஒவ்வொரு முறையும், 200 அலமாரி தேடினால், நொடிக்கு ஆறு கோடித் தேடல். அத்தனை நேரமும், படிக்க வந்தவர் திரையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் வழியிலும் வேலை நிறைய உண்டு. ஆனால், அது திரைக்குப் பின்னால் நடக்கும். நீங்கள் கடிதத்தைச் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டதும், வீட்டுக்கு வந்து விடுகிறீர்கள். அது போய்ச் சேரும் வரை பெட்டி அருகிலேயே நிற்பதில்லை அல்லவா! அது போல், எழுதியவருக்கு, 'வந்து சேர்ந்தது' என்று உடனே பதில் சொல்லி விட்டு, பிரதிகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பெட்டிகளில் போடுவர். திடீரென்று கூட்டம் வந்தால், வரிசை சற்று நீளும், கட்டடம் இடியாது.

டுவிட்டர் தேர்ந்தெடுத்தது இரண்டாம் வழியை. அதிலும் சில சாமர்த்தியங்கள்...

* பெட்டியில் முழுச் செய்தியும் இருக்காது. செய்தியின் எண் மட்டும் இருக்கும். இடம் மிச்சம்!

* ஒரு பெட்டியில் கடைசி, 800 செய்திகளின் எண்கள் மட்டும். அதற்கும் கீழே தள்ளிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

* ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று நகல், மூன்று வெவ்வேறு கம்ப்யூட்டர்களில். ஒன்று பழுதானாலும், மற்றவை கை கொடுக்கும்.

* முப்பது நாட்களாக எட்டிப் பார்க்காதவருக்குப் பெட்டி தயாராக வைப்பதில்லை. அவர் வந்தால், அப்போது தேடித் தயாரித்துக் கொடுக்கலாம்.

பதில் முதலில்... கேள்வி பின்னால்!

இனிமேல் தான் சிக்கல். பாப் பாடகி லேடி காகாவை, 2012ல், மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தனர். அவர் ஒரு வரி எழுதினால், மூன்று கோடிப் பெட்டிகளில் பிரதி போட வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் நொடிக்கு, 1,000 பிரதி போடுவதாக வைத்துக் கொண்டால், 30 ஆயிரம் நொடி... அதாவது, எட்டு மணி, 20 நிமிடம்! பல கம்ப்யூட்டர்கள் பகிர்ந்து செய்தும், கடைசி ரசிகருக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் வரை ஆனதாம். என் கடைசி வகுப்பு போலவே!

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முதலில் பெற்ற ரசிகர், உடனே ஒரு பதில் எழுதி விடுவார். அவரது பதில், சில பேருக்குத் தான் போக வேண்டும் என்பதால், சட்டென்று போய்ச் சேரும். அவரது நண்பருக்கோ பாடகியின் செய்தியே இன்னும் வந்திருக்காது. பதிலைப் படித்து விட்டு, 'எதற்கு இந்தப் பதில்?' என்று விழிப்பார்!

என்ன செய்தனர் தெரியுமா? இரண்டு வழிகளையும் கலந்து விட்டனர். நம்மைப் போன்றவர்கள் எழுதினால், பிரதி எடுத்துப் பெட்டியில் போடுவது. கோடிக்கணக்கானோர் பின்தொடரும் பிரபலம் எழுதினால், பிரதி எடுக்காமல் ஒரே இடத்தில் வைத்து விடுவது. ஒரு ரசிகர் திறக்கும் போது, அவரது பெட்டியில் இருப்பதையும், அவர் பின்தொடரும் ஒரு சில பிரபலங்களின் செய்தியையும் அப்போது சேர்த்துத் தருவது. 200 அலமாரி தேடுவது தான் கஷ்டம். நான்கைந்து அலமாரி தேடுவது சுலபம் தானே!

ஒரு வழி எல்லாருக்கும் பொருந்தாது என்று தெரிந்தால், பிடிவாதம் பிடிக்காமல் மாற்றிக் கொள்வதும் அறிவு தான், குழந்தைகளே!

ரிசல்ட் பலகை சொல்லும் பாடம்

அந்தக் காலத்தில் தேர்வு முடிவுகளைப் பள்ளிச் சுவரில் ஒட்டுவோம். ஒரே பலகையில் ஒட்டினால், பின்னால் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால், தேர்வு எண், 1 முதல், 100 வரை இந்தச் சுவரில். 101 முதல், 200 வரை அந்தச் சுவரில் என்று பிரித்து ஒட்டுவோம். கூட்டமும் பிரிந்து விடும்.

கோடிக்கணக்கான செய்திகளையும் ஒரே கம்ப்யூட்டரில் வைக்க முடியாது. பிரித்துத் தான் வைக்க வேண்டும். டுவிட்டர் முதலில் தேதி வாரியாகப் பிரித்தது. பழைய நாட்களின் செய்திகள் ஒரு கம்ப்யூட்டரில். அது நிரம்பியதும், புதிய செய்திகள் அடுத்ததில்.

இதில் ஒரு தவறு இருக்கிறது. கண்டுபிடித்து விட்டீர்களா? எல்லாருக்கும் வேண்டியது இன்றைய செய்தி தான்! அதனால், புதிய கம்ப்யூட்டர் ஒன்றே எல்லாப் பாரத்தையும் சுமந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் சும்மா இருந்தன. பின்னர், தேதியை விட்டு, செய்தியின் எண்ணைக் கொண்டு எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் பரவலாகப் பங்கிட்டனர். பிரித்தால் மட்டும் போதாது. பாரம் சமமாக விழும்படி பிரிக்க வேண்டும்!

டோக்கன் குழப்பம்

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்க ஒரே ஒருவர் இருந்தால், எண்கள் குழம்பாது. ஆனால், வரிசை நீளும். நான்கு பேர் கொடுத்தால், வரிசை குறையும். ஆனால், இரண்டு பேருக்கு ஒரே எண் போய் விடலாம். ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாலோ, மீண்டும் தாமதம்.

செய்திகளுக்கு எண் கொடுப்பதில், டுவிட்டருக்கும் இதே பிரச்னை. 2010ல், 'ஸ்னோஃப்ளேக்' என்ற முறையைக் கொண்டு வந்தது. 'பனித்துகள்' என்று பொருள். இதில் ஓர் எண்ணுக்கு மூன்று பகுதிகள்... எந்த மில்லி நொடி, எந்த கவுன்டர், அந்த கவுன்டரில் எத்தனையாவது? கவுன்டர் எண் வேறு வேறு என்பதால், யாரையும் கேட்காமலேயே எண் கொடுக்கலாம். ஒன்று போல் இன்னொன்று வராது. நேரம் முன்னால் இருப்பதால், எண்களை அடுக்கினாலே ஏறக்குறைய நேர வரிசையும் கிடைத்து விடும். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், ஒரு கவுன்டர், 4,096 எண்கள் வரை தரும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

கல்யாணப் பந்தி

ஆரம்ப நாட்களில், டுவிட்டரின் வேலைகள் பெரும்பாலும் ஒரே பெரிய புரோகிராமில் இருந்தன. கல்யாணத்தில், சாம்பார் வைப்பவரே இலை போட்டு, மோரும் ஊற்றினால் எப்படி இருக்கும்? அவருக்குக் கை வலித்தால், பந்தியே நின்று விடும். அதனால், செய்திகளைச் சேமிப்பது ஒன்று, ஃபீடு தயாரிப்பது ஒன்று, யார் யாரைப் பின்தொடர்கிறார் என்ற பட்டியல் ஒன்று என, வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தனர். பாயசத்தில் சிக்கல் என்றாலும், சோறும் சாம்பாரும் பரிமாறிக் கொண்டே இருக்கலாம்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு தான், அந்த ஆகஸ்ட் இரவு வந்தது. கோட்டையை இடித்த மந்திரம், டுவிட்டரை ஒன்றும் செய்யவில்லை. அதே, 2013ல், திமிங்கிலப் படத்துக்கும் விடை கொடுத்து அனுப்பி விட்டனர்!

குட்டிப் படம்... பெரிய பாடம்!

இன்ஸ்டாகிராம், 2010 அக்டோபரில் துவங்கியது. கெவின் சிஸ்ட்ராம், மைக் கிரீகர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கியது. முதல் நாளே, 25 ஆயிரம் பேர் சேர்ந்து விட, இருந்த ஒரே கம்ப்யூட்டர் திணறியது. ஆராய்ந்தால், ஒரு சின்ன விஷயம் அகப்பட்டது... இணையதளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சின்னம் தெரியும் இல்லையா? அந்தப் படத்தை வைக்க மறந்து விட்டனர். வருபவர் ஒவ்வொருவருக்காகவும், கம்ப்யூட்டர் இல்லாத படத்தைத் தேடி, 'இல்லை... இல்லை...' என்று சொல்லியே களைத்துப் போனது! பத்துப் பேர் வரும் போது கண்ணுக்கே தெரியாத பிழை, பத்தாயிரம் பேர் வரும் போது பூதமாகி விடும்.

கவனிக்க ஒன்று

முன்பெல்லாம், ஃபீடில் புதியது மேலே, பழையது கீழே என்று இருந்தது. இப்போது அப்படி இல்லை. எதைப் பார்த்தால் நீங்கள் அதிக நேரம் இருப்பீர்கள் என்று கணித்து, அதை மேலே வைக்கின்றனர். டுவிட்டர் இதை, 2016ல் கொண்டு வந்தது. எனவே, பெரியவர்களாகி இவற்றைப் பயன்படுத்தும் போது, 'இதை முதலில் பார்க்க நானா விரும்பினேன்... யார் எடுத்து வைத்தது?' என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வகுப்பில் விளையாடிப் பாருங்கள்

பத்துப் பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரு காகித டப்பா. யார் யாரைப் பின்தொடர்கிறார் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பிரபலம். அவரை எல்லாரும் பின்தொடர வேண்டும். ஒருவர் தபால்காரர். ஐந்து நிமிடம், 'தேடி எடு' முறையிலும், ஐந்து நிமிடம், 'முன்பே போடு' முறையிலும் விளையாடுங்கள். எதில், எப்போது தபால்காரருக்கு மூச்சு வாங்குகிறது என்று குறித்து வையுங்கள்.

ஒரு கணக்கும் போடுங்கள்... கமலா, 200 பேரைப் பின்தொடர்கிறாள். கமலாவை, 40 பேர் பின்தொடர்கின்றனர். அவள் ஒரு நாளில் இரண்டு செய்தி எழுதுகிறாள். 10 முறை ஃபீடைத் திறக்கிறாள். முதல் வழியில், அவளுக்காக எத்தனை அலமாரி தேட வேண்டும்? இரண்டாம் வழியில், எத்தனை பிரதி போட்டு, எத்தனை முறை பெட்டி திறக்க வேண்டும்?

குழந்தைகளே... உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆகலாம். சிலர் தலைமையாசிரியர் ஆகலாம். சிலர் கலெக்டர் ஆகலாம். எந்த வேலையிலும், செய்தியோ, சோறோ, மருந்தோ பலருக்குப் போய்ச் சேர வேண்டி வரும். அப்போது முதலில் நிற்பவருக்கு எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்று பார்த்து மகிழ்ந்து விடாதீர்கள். மைதானத்தைத் தாண்டி, ஓட்டுக் கட்டடத்தில் இருக்கும் கடைசி வகுப்புக்கு எப்போது கிடைத்தது என்று கேளுங்கள்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு, அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று, உங்களிடம் இருக்கிறது.

விடை: முதல் வழியில், 10 x 200 = 2,000 தேடல்கள். இரண்டாம் வழியில், 2 x 40 = 80 பிரதிகள்; 10 முறை பெட்டி திறந்தால் போதும்.